வண்ணம் விடும் இடம்

வேகமாகப் போகிறவனும் மெதுவாகப் போகிறவனும் பக்கத்தில் பக்கத்தில் போனால் நடுவில் வம்பு வராமல் இருக்காது. தண்ணீருக்கும் அதே கதிதான். இதைப் பார்ப்பதற்கென்றே மைசூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கீழ்த்தளத்து ஆய்வகத்தில் நீளமான கண்ணாடிக் கால்வாய் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் முன்னால் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தவர் எலியேசர்.

கால்வாயில் தண்ணீர் நாலு விரல் ஆழத்துக்குத்தான் ஓடும். தலைமாட்டில் நடுவே ஒரு தகடு. தகட்டுக்கு இந்தப் பக்கத் தண்ணீர் விரைந்து வரும், அந்தப் பக்கத் தண்ணீர் சோம்பி வரும். தகடு முடிகிற இடத்தில் இரண்டும் உரசும். உரசுகிற கோடு முதலில் லேசாக நெளியும், நெளிந்தது மடியும், மடிந்தது சுருண்டு சுழலாகும். அதோடு விடாது. பின்னால் வரும் சுழல் முன்னால் போவதை எட்டிப் பிடிக்கும், இரண்டும் ஒன்றையொன்று சுற்றும், கடைசியில் எது எதுவென்று பிரிக்க முடியாதபடி ஒரே பெரிய சுழலாகிவிடும். தண்ணீருக்கு நிறம் கிடையாது என்பதால் இத்தனை கூத்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் கேசரிப் பவுடரைப் பாலில் கரைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தகட்டின் நுனியில் விடுவார்கள். பால் சேர்ந்த வண்ணம் சட்டென்று கலைந்து போகாது, நூல் மாதிரி நிற்கும். வசதியுள்ள இடங்களில் இதற்கு லேசர் வைத்திருக்கிறார்களாம். இங்கே பாக்கெட்டில் வரும் நந்தினி பால்.

எலியேசர் கெட்டிக்காரர், நல்லவர், கொஞ்சம் பயந்தவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. எம்.டெக். முடித்த கையோடு இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர், பாடம் நடத்தினால் போதும் என்று இருந்துவிட்டார். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, சக ஆசிரியர்களின் வாய்க்குப் பயந்து பி.எச்.டி.க்குப் பதிவு செய்தார். நல்லவேளையாகப் போயிற்று. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் வரும் ஜூனிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகம் இப்போது சொல்லிவிட்டது. அந்த வயதில் அவருக்கு வழிகாட்டியாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை, கேரலைத் தவிர.

கேரல் அவரிடம் படித்தவள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் தும்மினால்கூடக் குறித்துக்கொள்கிற மாணவி. இதே கால்வாயில் இறுதியாண்டுச் செய்முறை செய்தாள், இதே கால்வாயில் முனைவர் பட்டம் வாங்கினாள், இதே துறையில் பேராசிரியராகவும் ஆகிவிட்டாள். 'சார்' என்று தன்னைக் கூப்பிடுகிறவளை எலியேசர் 'மேடம்' என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவள் அறைக்குள் வந்தால், கைடு வந்துவிட்டாரே என்று இவர் எழுந்திருப்பார். சார் நிற்கிறாரே என்று அவள் உட்காரமாட்டாள். இருவரும் நின்றபடியே பேசி முடித்துக் கால்வலியோடு பிரிவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்த்தால் அவருடைய மனைவி மோலியிடம் 'ஆன்ட்டி' என்று ஒட்டிக்கொள்வாள். அவரைப் பார்த்து வெறுமனே சிரித்துவைப்பாள்.

ஆழம் குறைந்த தண்ணீரில் அடித்தரை இழுத்துப் பிடிக்கும், சுழல்கள் சீக்கிரம் செத்துவிடும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இல்லை, ஜோடி சேர்ந்த சுழல்கள் கால்வாயின் கடைசிவரை சாகாமல் போகின்றன என்று படம் எடுத்துக் காட்டியவள் கேரல். அவளுடைய பட்டமும் பதவியும் அந்தப் படங்களால் வந்தவை. அதையே வேறு வேறு வேகங்களில் செய்து உறுதிப்படுத்துவதுதான் எலியேசரின் ஆய்வு. எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வைச் சரிபார்க்கும் குழுவின் முன்னால் ஒரு செமினார். அது நல்லபடியாக நடந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம், ஜூனுக்குள் பட்டம் வந்துவிடும்.

மோலி அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டாள். அவள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டாக்டர்களுக்கு நடுவிலேயே காலம் தள்ளியவளுக்கு வீட்டிலும் ஒரு டாக்டர் வரப்போகிற சந்தோஷம். பாஸ்டரிடம் சொல்லி, வரும் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர ஜெபத்துக்கு ஏற்பாடு செய்தாள். அந்தப் பாஸ்டர் கன்னடப் பள்ளியில் படித்த தமிழ்ப் பையன். எலியேசர் சுழலைப் பற்றி ஆராய்கிறார் என்று மோலி சொன்னது அவர் காதில் சூழலைப் பற்றி என்று விழுந்தது. போன ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்து, "நம்ம சபை எல்டர் எலியேசர், தேவன் படைச்ச சுற்றுச்சூழலைக் காப்பாத்துறதுக்காக டாக்டர் ஆகறார்" என்று அறிவித்தார். சபையார் கைதட்டினார்கள். வாலிபர் சங்கத்தார் ஒரு வேப்பங்கன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்கள். எலியேசர் திருத்தியிருக்கலாம். திருத்துகிற ஆளாக இருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. கன்றை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

செமினாருக்கு முந்திய செவ்வாய்க்கிழமை மத்தியானம், படம் ஒன்று தெளிவாக இல்லையே என்று மறுபடி எடுக்க ஆய்வகத்துக்குப் போனார். ஏப்ரல் வெயில். காலையில் கரைத்து வைத்த பால் திரிந்துபோய், குழாயும் ஊசியும் அடைத்துக்கொண்டன. ஊசியைக் கழற்றிக் கழுவினார், ஊதினார், புதுப்பால் கரைத்து ஊசிக் குழலில் ஏற்றினார். அடைப்பு நீங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத் தகட்டு நுனிவரைக்கும் நடக்க அவருக்குச் சோம்பலாக இருந்தது. நின்ற இடத்திலேயே, கால்வாய் முடிகிற பக்கம், படம் எடுப்பதற்கென்று சட்டமிட்ட கடைசி ஜன்னலில், ஊசியைத் தண்ணீரில் விட்டு அழுத்தினார்.

ஊசியிலிருந்து ஒரு கேசரி நிற நூல் இறங்கியது. லேசாக அசைந்தது. பிறகு நேராகப் போனது.

அது நேராகப் போகக் கூடாது. அந்த ஜன்னலில் அவர் எடுத்த படங்களில் உள்ளங்கை அகலத்துக்குச் சுழல்கள் இருந்தன. மறுபடி அழுத்தினார். மறுபடியும் நேராகத்தான் போனது. இடம் தள்ளி, ஆழம் மாற்றி, ஓரத்தில், நடுவில் என்று எங்கே விட்டாலும் அந்த நூல் எந்தப் பக்கமும் சுருளவில்லை. தகட்டு நுனியிலும் குழாயைப் பொருத்தி வண்ணத்தைத் திறந்துவிட்டார். அங்கே அழகாக மடிந்தது, சுருண்டது, ஜோடி சேர்ந்தது, பெரிதாகிக் கடைசி ஜன்னலுக்கு மிதந்து வந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஊசியை வைத்து அழுத்தினார். பெரிய சுருள் ஒன்று மிதக்க, அதன் இடுப்பை உரசிக்கொண்டு நூல் நேராகப் போயிற்று.

எலியேசருக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஜிலேபி பிழிகிறவன் கையைச் சுற்றுவது மாவு எண்ணெயில் விழும்வரைதான். கை நின்ற பிறகும் சுற்று அப்படியே கிடக்கும். அந்தச் சுற்றைப் பார்த்து, இன்னும் கை சுற்றிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தகட்டருகே சுழல் பிறந்தது உண்மை, ஜோடி சேர்ந்ததும் உண்மை. ஆனால் பாதி வழியிலேயே அடித்தரையின் பிடியில் வேகமானதும் மெதுவானதும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டன. வித்தியாசம் போனால் சுழலுக்கு ஏது உயிர்? அது அங்கேயே செத்தது. செத்ததன் வடிவத்தை மட்டும் பால் கலைக்காமல் கடைசிவரை சுமந்து வந்திருக்கிறது. படமெடுத்ததெல்லாம் அந்த வடிவத்தை.

பம்பை நிறுத்திவிட்டு, தண்ணீர் வடிகிற சத்தம் அடங்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, மோலி சொன்னபடி தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக்குப் பூவுக்குச் சொல்லிவிட்டு வந்தார். சொல்லாமல் வந்தால் ஏன் என்று கேட்பாள்.

வீட்டில் மோலி புதுப் புடவையைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷனைக் கன்னடக்காரப் பெண்கள் மாதிரி 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள்.

"கேக்குக்குச் சொல்லிட்டேன் ரீ. மேல டாக்டர் எலியேசர்னு தமிழ்ல எழுதச் சொன்னேன். பேக்கரில யாருக்கும் தமிழ் வராதாம், நானே எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."

"மோலி, ஒரு சின்னச் சிக்கல்..."

"சிக்கல் இல்லாம யாருக்கு பி.எச்.டி. ஆச்சு? சும்னே டென்ஷன் ஆகாதீங்க. நம்ம கேரல் இருக்கா, அவ பார்த்துக்குவா. அவளை நீங்கதானே உருவாக்கினீங்க."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவர் சாப்பிட உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சோற்றோடு மென்று விழுங்கினார்.

மறுநாள் காலை கேரலின் அறைக்குப் போனார். அவள் எழுந்தாள். இருவரும் நின்றார்கள்.

"மேடம், கொஞ்சம் கீழ லேபுக்கு வர முடியுமா?"

அவர் எதையும் விளக்கவில்லை. ஊசிக் குழலை அவள் கையிலேயே கொடுத்து, கடைசி ஜன்னலைக் காட்டினார். அவள் அழுத்தினாள். நூல் நேராகப் போனது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினாள். பிறகு நகர்ந்து நகர்ந்து மேல்பக்கம் போனாள், நூல் எங்கே சுருள ஆரம்பிக்கிறது என்று தேடிக்கொண்டு. பாதிக் கால்வாய் தாண்டித்தான் அது மெல்ல வளைந்தது. அங்கேயே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என் தீசிஸும் போச்சு சார்" என்றாள்.

"நீங்க ஒரு தடவைகூட இங்க விட்டுப் பார்க்கலையா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அநியாயம் என்று அவருக்குத் தோன்றியது. கேரல் அவரை வியப்போடு பார்த்தாள்.

"எப்படி சார் விடுவேன்? கலரை நுனியில மட்டும்தான் விடணும், வேற எங்க ஊசி வெச்சாலும் மார்க் கட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. செவுத்துல எழுதியே போட்டிருந்தீங்க."

சொன்னார்தான். மாணவர்கள் கண்ட இடத்தில் ஊசியைக் குத்திக் கண்ணாடியைக் கீறி வைத்தார்கள். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்ற நிர்வாகத்திடம் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர் அவர். இனிமேல் நுனியில் மட்டும்தான் ஊசி என்று ஒரு விதி போட்டார். ஏன் என்று கேட்ட ஒரு பையனை வெளியே நிற்கவைத்தார். அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடியைக் காப்பாற்றப் போட்ட விதி கேரலின் ஆய்வேட்டில் செய்முறையாகப் போய் உட்கார்ந்தது. வழிகாட்டியின் செய்முறை என்று அதை அவரே பயபக்தியோடு தன் ஆய்வேட்டில் வரி பிசகாமல் எழுதிக்கொண்டார். தான் போட்ட விதிதான் அது என்று எழுதும்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

"இப்ப என்ன பண்ணலாம் மேடம்?"

"நீங்க சொல்லுங்க சார்."

"கைடு நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"நீங்க சொல்லாம நான் எதைச் செஞ்சிருக்கேன் சார்?"

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை, 'செமினாரை நிறுத்துங்கள்' என்றோ 'வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்' என்றோ அவள் உத்தரவு போட்டால் எந்தப் பக்கமாவது நகரலாம் என்று எலியேசர் நின்றார். அதே ஒரு வார்த்தைக்காக அவளும் நின்றாள். சொன்னால் அவருக்கு வேலை போகும், அவளுக்குப் பட்டமே ஆட்டம் காணும். சொல்லாவிட்டால் அவர் டாக்டராகி, வகுப்புக்கு வகுப்பு அந்தப் படத்தைக் காட்டி, இது உயிரோடிருக்கிற சுழல் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்திருந்தது.

"நீங்க என்ன செஞ்சாலும் நான் கூட நிக்கறேன் சார்" என்று கடைசியில் சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள். அன்பாகத்தான் சொன்னாள். கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது அவருக்கு.

வியாழக்கிழமை முழுக்க இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடந்தார்கள். அவர் மாடிப்படியில் ஏறினால் அவள் லிஃப்டில் போனாள்.

வெள்ளிக்கிழமை செமினார் அறை நிறைந்திருந்தது. சக ஆசிரியர்கள், மாணவர்கள், பெங்களூரிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் பேராசிரியர் மனோஜ்குமார். கடைசி வரிசையில் புதுப் புடவையில் மோலி. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு, லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். குழுவோடு முன்வரிசையில் கேரல்.

கடைசி ஜன்னல் படங்களை எடுத்துவிட வேண்டும் என்று காலையில்கூட எலியேசர் நினைத்தார். எடுக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து வைக்கவும் இல்லை. அவை பாட்டுக்கு இருந்தன, அவற்றின் முறை வந்தது, திரையில் விழுந்தன. வாய் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லியது. 'கால்வாயின் இறுதிவரை சுழல் ஜோடிகள் நீடிப்பதை இங்கே காணலாம்.' தன் குரல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

முடித்ததும் மனோஜ்குமார், "தும்பா சென்னாகிதே, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது" என்று கன்னடத்தில் பாராட்டிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாறி, இந்தப் படங்களைப் பாடப்புத்தகத்திலேயே போடலாம் என்றார். ஏதாவது கேள்வி உண்டா என்று சபையைப் பார்த்தார். யாருக்கும் இல்லை. வெளியே போண்டாவும் காப்பியும் வந்து இறங்கிவிட்டன, மணம் உள்ளே வந்தது. எலியேசர் தன் காகிதங்களை அடுக்கினார். ஒருவரும் கேட்கப் போவதில்லை, தப்பித்தாகிவிட்டது. இனி எப்போதும் தப்பிக்க முடியாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. மனோஜ்குமார் பேனா மூடியைத் திறந்து, முன்னாலிருந்த தாளை இழுத்துக்கொண்டார்.

"சார்" என்று ஒரு குரல்.

கேரல் எழுந்து நின்றிருந்தாள். தன் மாணவரின் செமினாரில் வழிகாட்டி கேள்வி கேட்கிற வழக்கம் எங்கும் கிடையாது. மனோஜ்குமார் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கடைசி ஜன்னல்ல தனியா வண்ணம் விட்டுப் பார்த்தீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் போதும். விட்டுப் பார்த்து ஒரு வரி சேருங்கள் என்று குழு சொல்லும், அதோடு எல்லாரும் போண்டா தின்னப் போவார்கள். அவளுக்கும் அது தெரியும். முன்னாலிருந்த மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. உத்தரவு போட அவளால் முடியவில்லை. அவரிடம் அது அவளால் என்றைக்குமே முடியாது. அந்த ஆய்வகத்தில் அவர் கேட்கவிடாத கேள்வியை மட்டும் கேட்க முடிந்தது. பதில் என்னவென்று தெரிந்துகொண்டே கேட்கிறாள்.

பின்வரிசையில் மோலி ஏதோ நல்ல கேள்வி போலிருக்கிறது என்று பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். எலியேசர் அவளைப் பார்த்தார். பிறகு கேரலைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வாயில் வரவில்லை, 'மேடம்' என்பதும் வரவில்லை.

"விட்டேன்மா. நேராப் போச்சு. அங்க சுழலே இல்ல" என்றார்.

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோலியின் முகம் மெல்ல மாறியது. மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் காத்திருந்தார்கள்.

"ஏனு ஹேளித்ரு மேடம்? என்ன சொன்னார்?" என்று மனோஜ்குமார் கேரலைக் கேட்டார்.

கேரல் உட்காரவில்லை. குறிப்பெடுக்கிறவர் எழுதிக்கொள்ளத் தோதாக, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்: "கடைசி ஜன்னலில் சுழல் கிடையாது என்கிறார். படங்களில் தெரிவது வண்ணம் மட்டும்தான்." எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, "என் ஆய்வேட்டில் இருப்பதும் அதுதான் என்கிறார்" என்று, அவர் சொல்லாததையும் சேர்த்து மொழிபெயர்த்தாள்.